கேக்கில் எழுத வேண்டிய எண்

அன்புள்ள ரோரி,

தினமும் ஒரே காரில்தான் பயிற்சிக்குப் போகிறோம். இருந்தும் இதை எழுதுகிறேன். காரில் நீ பாட்டைச் சத்தமாக வைத்துவிடுகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நம் நான்காம் பிரிவு கால்பந்தில், இருபத்தொரு வயது நிரம்பாதவர்களின் சம்பளம் கிளப்பின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் சேராது. சனிக்கிழமை உனக்கு இருபத்தொன்று; அன்றிலிருந்து உன்னுடையது சேரும். நம் கிளப்போ வரம்பை ஏற்கெனவே தொட்டுவிட்டது.

கிளப் தலைவர் ஹார்கிரீவ்ஸிடம் பேசிப் பார்த்தேன்.

"ரெண்டு கோல்கீப்பர்ல ஒருத்தன அனுப்பிட்டு உன் பையன வெச்சுக்கோயேன்யா."

"இன்னொருத்தனுக்குக் கை ஒடிஞ்சா யாரு நிப்பா, நீங்களா?"

"நான் நின்னாலும் நம்ம ஆட்டம் இதே லட்சணத்துலதான் இருக்கும்."

இருவரும் சிரித்தோம். பிறகு சம்பளப் பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்தேன்.

பக்கத்து ஊர் கிளப்புக்கும் இதே சட்டம்தான்: வருமானத்தில் பாதிக்கு மேல் சம்பளமாகப் போகக் கூடாது. அங்கே முதலாளி தன் கம்பெனியின் பெயரை மைதானத்துக்கு வைத்து, அதற்குத் தானே பணம் கொடுத்து, அதையே கிளப்பின் வருமானம் என்கிறார். நமக்கு வருமானம் டிக்கெட்டும் இடைவேளைத் தேநீரும்தான். மழை பெய்தால் அதுவும் இல்லை.

போன வாரம் நீ இடது காலால் அடித்த கோலுக்கு மைதானமே எழுந்து நின்றது. நான் மட்டும் எழவில்லை. பயிற்சியாளன் என்பதால் என்று நினைத்திருப்பாய்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இன்று பேக்கரியிலிருந்து போன் செய்தாள்.

"கேக்குல வழக்கம்போல அவன் சட்டை நம்பர் பதினாலு போடச் சொல்லவா?"

"வேணாம். வயசு மட்டும் போடட்டும்" என்றேன்.

அப்பா