மேடைக்குப் பூசிய கறுப்பு

அன்புள்ள அறைத் தோழிக்கு,

அந்தப் பழைய படத்தில் மனம் பேதலித்த கறுப்புப் பெண்ணாக, சிவப்பான நடிகை ஒருத்தி மை பூசிக்கொண்டு நடித்ததை நம் ஒரகடம் ஹாஸ்டல் டிவியில் பார்த்தோமே. கம்பெனி ஆண்டு விழாவில் அந்த வேஷத்தை நான் கேட்டேன். "நீ மேடையில நின்னா மூஞ்சியே தெரியாதுடி. எனக்கு மை பூசி வுடு, போதும்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாய்.

பூசிவிட்டேன். "இன்னாடி இப்டி நாறுது?" என்றாய். புது மை என்றேன். நீ நடித்தபோது விசில் பறந்தது.

இந்நேரம் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாய். தேய்க்காதே, தோல்தான் எரியும். அது ஹேர் டை.

நாளை உன்னைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம், இந்தக் கறுப்பு ஒரு வாரத்தில் போய்விடும் என்று சொல். நம்புகிறார்களா பார்.

என்னுடையது போகாது. நான் தேய்த்ததும் இல்லை.

இப்படிக்கு,
உனக்கு வேஷம் போட்டவள்