கம்மூனாவும் தொண்ணூறு பாகையும்

1 மார்ச் 2009, ஞாயிறு. மாலை 6.20

கம்மூனா போய்விட்டாள். உடலெங்கும் சீரகப் புள்ளி விழுந்த என் நான்கு வயதுப் பெட்டைப் புறா. சரியாக 5.10க்குக் கூட்டத்தை மேலே அனுப்பினேன். கொடிக்கம்பைத் தோளுக்கு மேல் உயர்த்த முயன்றபோது வலக்கை பாதியிலேயே நின்றுவிட்டது. கொடி தாழ்ந்ததும் கூட்டமும் தாழ்ந்தது. எதிர் மாடி ஹகாக் அந்த நொடியில் தன் கூட்டத்தைக் கிளப்பிக் கலக்கினான். எல்லாம் திரும்பின, அவளைத் தவிர. அவள் அவன் மாடியில் இறங்கிவிட்டாள்.

"எஞ்சினியரே, கொடி என்ன தூங்குதா?" என்று கத்தினான். தெருவுக்கே துணி தேய்ப்பவன். அவன் குரலும் தெருவுக்கே கேட்கும்.

எவன் மாடியில் இறங்கியதோ அது அவனுடையது. எங்கள் ஷுப்ரா பகுதியில் புறா வளர்க்கும் எவனும் திருப்பிக் கேட்க மாட்டான். நானும் கேட்க மாட்டேன். கேட்கவே மாட்டேன்.

2 மார்ச், திங்கள்

அவள் சிறகிலிருந்து இறகுகளைப் பிடுங்கிவிட்டானாம். "முளைச்சதும் உங்க கண்ணு முன்னாடியே பறக்க விடுறேன், பாருங்க!" என்கிறான். முளைக்க ஆறு வாரம். ஆகவே ஏப்ரல் 12, ஞாயிறு. அவள் பறக்கும் அந்த முதல் நாளில் என் கூட்டம் உயரத்தில் இருந்தால்தான் அவளுக்குத் தெரியும். என் கை உயர்ந்தால்தான் கூட்டம் உயரும்.

3 மார்ச், செவ்வாய்

தோளின் தசைநாரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதென்று எக்ஸ்ரே சொல்கிறது. இயன்முறை மருத்துவர் நஷ்வா, முப்பது வயது இருக்கும், குளிர்ந்த பசையைத் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியின் தலையைத் தோளில் வட்டமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம். ஓசை இல்லை, அதிர்வு இல்லை, சூடும் இல்லை.

5 மார்ச், வியாழன்

இன்றும் ஒன்றுமில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் நில அளவைத் துறையில் பணியாற்றியவன். கருவி ஓடுகிறதா, இல்லையா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. கேட்டேன்.

"ஹாஜி, நம்ப மாட்டீங்க போலிருக்கே" என்று சிரித்தபடி கருவியின் தலையை மேல்நோக்கித் திருப்பி, அதன்மேல் மூன்று சொட்டு நீர் விட்டார். குமிழைத் திருகினார். அமைதியான அந்தக் கருவியின் மேல் நீர் நடுங்கியது, கொதிப்பதுபோல் குதித்தது, பனிப்புகையாய்ச் சிதறியது. என் மூக்குக்கண்ணாடியில் தூறல்!

"இன்னொரு முறை" என்றேன். மூன்று முறை செய்துகாட்டினார்.

"ஆனா ஹாஜி, இது வலியைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். கையைத் தூக்குறது உங்க வேலை. வீட்ல ஒரு கழியை ரெண்டு கையாலயும் பிடிச்சு, மெதுவா மேல, பத்து தடவை."

10 மார்ச், செவ்வாய்

கை எவ்வளவு உயர்கிறதென்று பார்க்க, மாடிச் சுவரில் குண்டுநூல் தொங்கவிட்டுப் பாகைக் கோடுகள் வரைந்தேன். என் மனைவி இன்சாஃப் இடுப்பில் கைவைத்து நின்றாள். "நாப்பது வருஷமா குடியிருக்கிற வீடு. இப்ப அளந்து யாருக்குங்க விக்கப் போறீங்க?"

கோணம்: 64. கொடிக்குக் குறைந்தது 90 வேண்டும்.

19 மார்ச், வியாழன்

கழி என்றாரே, என்னிடம் எந்தக் கழி இருக்கிறது? கொடிக்கம்புதான். துணியைக் கழற்றி மடித்து இழுப்பறையில் வைத்துவிட்டு, காலை 11 மணிக்கு மாடியில் பத்து முறை உயர்த்தத் தொடங்கினேன். நான்காவது முறை, கூட்டம் முழுவதும் வானத்தில்! துணி இல்லாவிட்டால் என்ன, கம்பு அவற்றுக்குத் தெரியாதா? எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

நான் போருக்கு அழைத்துவிட்டதாக எண்ணி, ஹகாக் தேய்ப்புப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினான்.

"பதினோரு மணிக்கு எவனாவது பறக்க விடுவானா?"

"உடற்பயிற்சியப்பா!"

"யாருக்கு? புறாவுக்கா?"

அதற்குள் கீழே புகை. பெட்டிக்கு அடியில் கருகியது என்னுடைய நீலச் சட்டை. தெருவில் தேய்ப்பவன் இவன் ஒருவன்தானே. பெட்டியின் வடிவம் முதுகில் துல்லியமாகப் பதிந்திருக்கிறது. இன்சாஃப் சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும்தான்.

26 மார்ச், வியாழன்

78. வலி இரவில் எழுப்பவில்லை. இப்போது துடைப்பக்கட்டையால் பயிற்சி. புறாக்கள் அதை மதிப்பதில்லை.

5 ஏப்ரல், ஞாயிறு

86. ஹகாக் அவளை ஒரு வெள்ளைச் சேவற்புறாவோடு ஜோடி சேர்த்திருக்கிறான். துணை கிடைத்துவிட்டால் கூட்டை விட்டுப் போகாது என்பது கணக்கு. சரியான கணக்கு. ஐந்து வாரம் ஆகிவிட்டது. என்னை மறந்திருப்பாளோ? புறாவிடம் போய் இப்படிக் கேட்கிறேனே, எனக்கென்ன பைத்தியமா?

12 ஏப்ரல், ஞாயிறு. மாலை 7.05

இதை மாடியில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

5.02க்கு ஹகாக் பறக்கவிட்டான். சீரகப் புள்ளியும் வெள்ளையும் ஒன்றாக எழுந்தன. நான் கொடியை உயர்த்தினேன். தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. தலைக்கு மேல் கொடி பறந்தது! என் கூட்டம் சுழற்காற்றுபோல் சுழன்று ஏறியது. அவள் ஒருமுறை அவன் மாடியைச் சுற்றினாள். இரண்டாம் முறையும். வா, வாடி, வந்துடு கண்ணு என்று வாய்விட்டே கத்தினேன். மூன்றாம் சுற்றில் விலகி என் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

5.31க்குப் பழைய பலகையில், தன் இடத்தில், இறங்கினாள். பின்னாலேயே வெள்ளைச் சேவலும்.

ஹகாக் எதிர் மாடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். பிறகு, "எஞ்சினியரே! மாப்பிள்ளையைப் பட்டினி போட்டுடாதீங்க!"

21 ஏப்ரல், செவ்வாய்

துணி தேய்த்தே முழங்கை பிடித்துக்கொண்டதென்று ஹகாக் முனகினான். நஷ்வாவிடம் நானே அழைத்துச் சென்றேன். பசை, கருவி, வட்டம். இரண்டு நிமிடத்தில் என் காதில் கிசுகிசுத்தான்: "ஒண்ணுமே தெரியலையே, அண்ணே. ஓடுதா இது?"

"டாக்டரம்மா, மூன்று சொட்டு நீர்" என்றேன்.

தூறல் முகத்தில் பட்டதும் ஹகாக் குழந்தைபோல் கைதட்டினான். வரும் வழியில், "மாப்பிள்ளை எப்படி?" என்றான். நேற்று மாலை 6.40 அளவில் முதல் முட்டை என்றேன். நின்று என்னைக் கட்டிக்கொண்டான். நானும் இரு கைகளாலும்.

கோணம்: ஒன்பது நாளாக அளக்க மறந்துவிட்டேன்.