பாப்பம்மாள் அத்தையின் பாவாடை

ஜனக்புரி,
புதுதில்லி.

அன்பும் மரியாதையும் நிறைந்த சாந்தகுமாரி மதினிக்கு, சுஜாதா வணங்கி எழுதுவது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசலாம்தான், எடுத்தாலே உங்கள் தம்பி பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதனால்தான் கடிதம்.

மகள் ரோஹிணிக்கு மாதக்கணக்கில் மாதவிலக்கு வரவில்லை. தாடையில் முடி, பின்கழுத்தில் கறுப்பு. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, சினைப்பையில் நீர்க்கட்டி, பி.சி.ஓ.எஸ். என்றார். எங்கள் வழியில் யாருக்கும் இல்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்பா வழியிலும் வரலாம், பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்யும், ஆண்கள் வெளியே தெரியாமல் சுமந்து மகளுக்குக் கொடுக்கலாம் என்றார். உங்களைப் பற்றியும், கல்யாணமாகாமல் இறந்துபோன உங்கள் பாப்பம்மாள் அத்தையைப் பற்றியும் சொன்னேன். மாமியார் சொல்லிக் கேட்டதை வைத்து, டாக்டரம்மா கேட்ட ஒவ்வொரு அறிகுறிக்கும் ஆமாம் ஆமாம் என்றேன்.

உங்கள் தம்பியோ, அது நோய் இல்ல, நம்ம வீட்டுக் கன்னி தெய்வம், பாப்பம்மாள் அத்தைதான் தலைமுறைக்கு ஒருத்தி மேல வந்து இருப்பா, அன்னைக்கு அக்கா, இன்னைக்கு நம்ம மக என்கிறார். மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டார். மத்திய அரசு ஆபீசர்! படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

கன்னிப் பெட்டியில் வருஷாவருஷம் வைக்கிற சிவப்புப் பாவாடை, அத்தை இறந்த வயதின் அளவிலேயே தைப்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் படையல் போட்டபோது அதை ரோஹிணிக்கு உடுத்தி, விளக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்பூரம் காட்டினார். இடுப்பும் நீளமும் இம்மி பிசகவில்லை. இனி காலேஜும் வேண்டாமாம்.

அன்றிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. இந்தி பேசி வளர்ந்த பெண், பெட்டியில் இருக்கும் கண்ணாடியைப் பார்த்துத் திருநெல்வேலிப் பேச்சில் முணுமுணுக்கிறாள். நேற்று ரோஹிணி ரோஹிணி என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. உங்கள் தம்பி பாப்பம்மா என்றார். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பயமாக இருக்கிறது மதினி.

உங்களுக்கும் அந்த வயதில் இப்படித்தான் பாவாடை கட்டி உட்காரவைத்தார்களாம். மாத்திரை கொடுக்க அப்போது யாருமில்லை. புண்ணைக் கிளறுவதற்கு மன்னியுங்கள். கன்னிக்கு அடுத்தபடி உங்கள் தம்பி உங்கள் சொல்லுக்குத்தான் பயப்படுவார். நீங்கள் வந்து, இது நோய்தான், எனக்கும் இதே நோய்தான் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், கன்னி உங்கள் மேல் இருக்கிறாள் என்று நம்பி வெள்ளிக்கிழமைகளில் உங்களிடம் திருநீறு வாங்க வருகிறவர்கள் அப்புறம் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

ஊரே உங்களிடம் ஆசீர்வாதம் வாங்குகிறது. என் மகள் தலையிலும் கை வைத்து, அத்தையைப் போல ஆகிவிடாதே என்று ஒரு வார்த்தை வாழ்த்துங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
சுஜாதா