தொட்டில் வண்டியில் வந்த இறால்

நாகப்பட்டினத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் ராயப்பன் அவர்களுக்கு, பழவேற்காட்டிலிருந்து சவரியாயி தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் நின்றதா? நம் மகள் அருளாயி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் நான் ஆயாவாக இருக்கும் வீட்டுத் துரைசானியின் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஏரிக்கு அக்கரையிலிருந்து ஓடத்தில் கூட்டிவந்தேன். சின்னவனுக்குச் சக்கரம் வைத்த தொட்டில் வண்டி உண்டு. அதைப் பார்த்ததும் ஓடக்காரர், "இன்னாம்மா, தேரையே இஸ்துனு வந்துட்டியா? ஜனம் எங்க குந்தறது?" என்று கத்தினார்.

இறால் கூடைகளோடு உட்கார்ந்திருந்த குப்பம்மாள்தான் வழி சொன்னாள். "கொயந்தைங்கள எங்க மடில குடு. கூடைங்கள அந்த வண்டில அடுக்கு. எடம் தானா வரும்."

அப்படியே செய்தோம். பிள்ளைகள் மடிக்கு மடி தாவிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வெயில் படாமலிருக்க இறாலின் மேல் தொட்டில் துணியைப் போர்த்தினோம். கரை வந்ததும் குப்பம்மாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். எதிரே வந்த துரைசானி ஆசையாகத் துணியை விலக்கினாள். உள்ளே இறால் துள்ளியது! அவள் போட்ட கூச்சலில் ஒல்லாந்தர் கோட்டைக் காவலாளியே ஓடிவந்தான். பின்னால் என் இடுப்பில் தன் மகனைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எத்தனை கழுவியும் கவிச்சி போகவில்லை. வண்டியை எனக்கே கொடுத்துவிட்டாள். அருளாயிக்கு ஆகும். அவளை நிற்கவைத்து, உச்சி முதல் பாதம்வரை நூல் பிடித்து வெட்டி அனுப்புங்கள்; வண்டியில் வைத்து அளந்து பார்க்கிறேன்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் கப்பலில் பாய் ஏற்றுகிறார்கள், முடிக்கிறேன். நான் பார்க்காத இந்த இரண்டு வருஷத்தில் அவள் வண்டிக்கு மேல் வளர்ந்திருந்தால், நூலைக் கொஞ்சம் குறைத்தே வெட்டுங்கள்.

சவரியாயி