மங்கலம் அம்மாளின் தட்டு

கடலூர்,
12.8.2011

மதிப்பிற்குரிய சேரன் சார் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அம்மா மங்கலம் அம்மாள் இருக்கும் மஞ்சக்குப்பம் முதியோர் இல்லத்தில் ஆட்களை எடுப்பதும் பழக்குவதும் என் வேலை. ஆபீஸிலிருந்து மெயில் அனுப்பினால் மேனேஜர் உத்திராபதி படித்துவிடுவார். உங்கள் போன் நம்பரும் அவர் டிராயரில்தான். என் ஃபைலில் இருப்பது விலாசம் மட்டும். அதனால் என் குழந்தை தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். காலையில் கூரியரில் போடுவேன். அது அமெரிக்கா வந்து சேர்வதற்குள் அம்மா இன்னும் எத்தனை வேளை தட்டைத் தள்ளிவைப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் புகார் வந்தது. அறையில் நீங்கள் வைக்கச் சொன்ன கேமராவில், அம்மாவுக்கு ஊட்டிய கொளஞ்சியம்மாள் அதே தட்டில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டதை அங்கிருந்தே பார்த்திருக்கிறீர்கள். கூர்மையான கண்தான். ஏழு மாதமாக அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அதே கேமராவில் தெரிந்திருக்கும். அதைப் பற்றி ஒரு வரி எழுத உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை போலும்.

எச்சில் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பொம்பளை எந்த ஊர், எந்தத் தெரு என்றும் கேட்டிருந்தீர்கள். ஊர் புவனகிரிப் பக்கம். தெருவைச் சொல்ல மாட்டேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்று புரியாத அளவுக்கு நான் குறைவாகப் படிக்கவில்லை.

அவரை வேலைக்கு எடுத்தது நான்தான். ஒருவர் சாப்பிட மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று வந்த எல்லோரையும் கேட்டேன். சர்டிபிகேட் வைத்திருந்த நான்கு பெண்களும் நர்ஸிடம் சொல்வோம் என்று ஒரே மாதிரி ஒப்பித்தார்கள். கொளஞ்சியம்மாள் மட்டும், "பசிக்கலன்னு சொல்றவுங்கெல்லாம் பசிக்காமயா சொல்றாங்க? கூட ஒக்காந்து பாக்கணும்மா" என்றார். அப்புறம் சென்னையிலிருந்து ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். எப்படிச் சிரிப்பது என்று கண்ணாடி முன்னால் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். கூட உட்காருவதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நான்கு பேரில் இரண்டு பேர் இப்போது துணிக்கடையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி உங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. சிதம்பரம் வீட்டில் நாற்பது வருஷம் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டவர். நீங்களும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்தானே? இன்றைக்கும் தட்டை வைத்தால், "ஏண்டி, நீ சாப்ட்டியா?" என்று கேட்பார். எதிரில் இருப்பவர் சாப்பிடாமல் அவருக்கு ஒரு பருக்கை இறங்காது. கொளஞ்சியம்மாள் இதை இரண்டே நாளில் கண்டுபிடித்தார். தனக்கு ஒரு வாய், அம்மாவுக்கு நாலு வாய். தட்டு காலியாகிவிடும்.

மேனேஜர் அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தார். நீக்க உத்தரவை டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன. அது நடந்து ஆறு நாள் ஆகிறது. அம்மா காலையில் பால் மட்டும் குடிக்கிறார்.

நேற்று நானே ஊட்டப் போனேன். சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன். முகத்தைப் பார்த்துவிட்டு, "பொய் சொல்லாதடி. வாய் காஞ்சி கெடக்கு" என்றார். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம். கேமராவைப் பார்த்தேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். உங்களைச் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை.

என் மகளுக்கு இரண்டு வயது. பகலில் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் பார்த்துக்கொள்கிறார். ஊட்டும்போது நீங்களும் ஒரு வாய் போட்டுக்கொள்வீர்களா என்று இன்று கேட்டேன். "பின்ன?" என்றார். இப்போதுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

உங்களிடம் கேட்பது இரண்டு விஷயம். புகாரைத் திரும்பப் பெறுவதாக மேனேஜருக்கு ஒரு வரி மெயில். நீங்கள் எழுதிக்கொடுத்தால் கொளஞ்சியம்மாளைத் திரும்பக் கூப்பிடுவாராம். அவர் வருவாரா என்பது வேறு. நான் நேரில் போய்க் காலில் விழுந்தாவது கேட்கிறேன்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சாப்பிட்டாயா என்று அம்மாவைக் கேட்காதீர்கள். நீங்கள் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லுங்கள். நிஜமாகவே சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள் சார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

நீங்களும் பிள்ளைகளும் ஒரு வேளையும் பசித்திருக்காமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜெ. இசைவாணி