சிலிண்டர் வாயில் நான் தடவிய நல்லெண்ணெய்

என் அன்பிற்குரிய மாப்பிள்ளை முருகேசனுக்கு,

நீங்கள் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கூடலூரில் உங்கள் கேஸ் வெல்டிங் பட்டறை மூடப்படவில்லை. உங்களோடு தொழில் செய்த சிக்கந்தர் அதை நடத்தி வருகிறார். குமுளிக்கு ஏறும் ஜீப்புகள் அடிச்சட்டம் விரிசல் கண்டால் இன்றும் அங்கேதான் வந்து நிற்கின்றன. உங்கள் மனைவியாகிய என் தங்கை பேச்சியம்மாள் இருக்கிறாள். நலமாக இருக்கிறாள் என்று எழுத மனம் துணியவில்லை.

அந்த ஆயுத பூசை நாளில் நீங்கள் மாலை வாங்கக் கம்பத்துக்குக் கிளம்பினீர்கள். "மச்சான், எல்லாத்தையும் தொடச்சு வையுங்க. சாமி காரியம் உங்களுக்குத்தான் அத்துபடி. எனக்குத் தெரிஞ்ச ஒரே சாமி இந்த வெல்டிங் டார்ச்சுதான், அதுவும் பத்த வச்சாத்தான் பேசும்" என்று சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்தீர்கள். என் பக்தியை அப்படிக் கேலி செய்ய உங்களுக்கு மட்டுமே உரிமை இருந்தது.

ஸ்பேனர்கள், சுத்தியல்கள், துளையிடும் மெஷின் என ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். மூலையில் புதிதாக வந்த கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டர், மூடி கழற்றிய நிலையில் நின்றிருந்தது. அதன் தலையில் பித்தளை வால்வு. நாற்பது ஆண்டுகள் கோயில் விளக்குகளைத் துலக்கியவன் நான். பித்தளை மங்கிக் கிடக்கக் கண்டால் பொறுக்க மாட்டேன். நல்லெண்ணெய் தோய்த்த துணியை விரலில் சுற்றி, ரெகுலேட்டர் பொருந்தும் அந்த வாய்க்குள்ளும் விட்டுத் துடைத்தேன். பிறகு சிலிண்டரின் உடலில் சந்தனப் பொட்டு வைத்தேன். நீங்கள் திரும்பி வந்து மாலை சாத்தியபோது அந்தப் பொட்டைப் பார்த்தீர்கள், எண்ணெயைப் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. "ராகு காலம் வந்துரும், சீக்கிரம் தொடங்குங்க" என்றாள் பேச்சி. நீங்கள் ரெகுலேட்டரை மாட்டி வால்வைத் திருகினீர்கள். வாசலில் நின்று நான் பதிகம் ஓதிக்கொண்டிருந்தேன். கண்ணைப் பறிக்கும் ஒரு வெளிச்சம், ஒரு சத்தம். டார்ச்சை நீங்கள் இன்னும் பற்ற வைத்திருக்கவே இல்லை. அந்த நெருப்பு எங்கிருந்து வந்தது மாப்பிள்ளை? ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் நீங்கள் கண்களால் கேட்டது இதைத்தானா?

விடை பதினாறாம் நாள் கிடைத்தது. கருகிய ரெகுலேட்டரோடு வந்த சிக்கந்தர், உறவினர் கூடியிருந்த இடத்தில் கேட்டார்: "ஆக்சிஜன் தானா எரியாதுங்கய்யா. ஆனா அந்த அழுத்தத்துல எண்ணெய் பட்டுச்சுன்னா தீக்குச்சியே வேணாம். அண்ணன் எண்ணெய்க் கையோட சிலிண்டர்ப் பக்கமே போக மாட்டாக. வால்வு வாயில யாரு எண்ணெய் தொட்டாக?"

 நான்தான் என்று நான் சொல்லவில்லை.

ஊருக்கு வேறொரு விடை வேண்டியிருந்தது. "பொண்டாட்டி அவசரப்படுத்துனா, நேரங்கெட்ட நேரத்துல தொறக்க வச்சுட்டா" என்றார்கள். பேச்சி அதை நம்பிவிட்டாள். அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்பும் எவரிடமும் 'சீக்கிரம்' என்ற சொல்லை அவள் உச்சரித்ததில்லை. பஸ் நகரத் தொடங்கிவிட்டாலும் உடன் வருபவரை வேகமாக நடக்கச் சொல்லமாட்டாள். இதை ஏழு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தேன். இறைவனிடம் நாள்தோறும் மன்னிப்புக் கேட்டேன். அது எளிதாக இருந்தது. எந்த எண்ணெய் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

சிக்கந்தர் இப்போது சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகே சிலிண்டரைத் தொடுகிறார். ரெகுலேட்டருக்கு எதிரே நிற்காமல் ஒதுங்கி நின்று, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார். சட்டைத் தூசியை ஆக்சிஜனால் ஊதிக்கொள்ளும் பழக்கத்தைப் பட்டறையில் அறவே ஒழித்துவிட்டார். இவ்வாண்டு பூசையில் சிலிண்டரைத் தொடவிடாமல் சுவருக்குத்தான் பொட்டு வைக்கச் சொன்னார்.

பேச்சியும் வந்திருந்தாள். வாசலைத் தாண்டவில்லை. உள்ளே அழைத்தேன்.

"நான் வரலண்ணே. வந்தா எதுக்காச்சும் அவசரப்படுத்திருவேன்."

அங்கேயே, அந்த வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை.

"எந்த எண்ணெய்ண்ணே?"

"நல்லெண்ணெய்."

"விளக்குக்குன்னு நான் வாங்கிக் குடுத்தேனே, அதுவா?"

"அதேதான் ஆத்தா."

பிறகு கேட்டாள்: "ஊரு என்னையப் பேசுனப்ப நீங்க எங்கன இருந்தீக?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்துவிட்டாள். இரண்டு வாரம் எனக்குக் கதவு திறக்கவில்லை. பிறகு சிக்கந்தர் தயங்கித் தயங்கி வந்தார். "அய்யா, அக்கா ஒண்ணு சொல்லிவிட்டாக. கோயில்ல சொன்னதெல்லாம் போதுமாம். ஊரறிய, அண்ணனுக்கே எழுதுற மாதிரி எழுதச் சொன்னாக. பேரு போட்டு எழுதணுமாம். வீட்டுக்கு வரலாமா வேணாமாங்கிறத படிச்சுட்டுச் சொல்றாகளாம்."

அதனால்தான் உங்களுக்கு எழுதும் கடிதத்தைப் பிறரும் படிக்கிறார்கள் மாப்பிள்ளை. அவள் கதவைத் திறக்காமலே போகலாம். திறக்க வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் உறுதி கூறுகிறேன். என் கால்கள் நடக்கும் வரை, ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் முன்பு கூடலூர் முதல் தேனி வரை உள்ள வெல்டிங் பட்டறைகளுக்குப் போவேன். ஆக்சிஜன் வால்வில் எண்ணெய் படக் கூடாது என்று சொல்வேன். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் பெயரைச் சொல்வேன், உங்கள் பெயரைச் சொல்வேன். பேச்சியின் பெயரைச் சொல்லும்போது குரலை உயர்த்திச் சொல்வேன்: அவள்மேல் குற்றமில்லை, எண்ணெய் தடவியவன் நான்.

இப்படிக்கு,
உண்மை சொல்ல ஏழு ஆண்டுகள் பிந்திய உங்கள் மச்சான்,
பேச்சியம்மாளின் அண்ணன் சொக்கலிங்கம்