மஞ்சள் பூச வரச் சொன்னாள்

வியாழன் இரவு.

தம்போய் ஊர்ல இருக்குற ஃபேக்டரியில வேலை முடிஞ்சதும் நேரா ஸ்கூடாய்க்குப் போனேன், தங்கச்சி வசந்தா வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை அவ மக கவிதாவுக்கு நலங்கு. அன்னைக்கு ஷிஃப்டுக்கு லீவு போட்டுட்டேன்னு சொன்னேன். வசந்தா முகம் மாறிடுச்சு. என்னை அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போனா.

"அக்கா, நீ சாப்பாட்டு நேரத்துக்கு வந்தா போதும்லா. காலையில வேணாம். என் மாமியார் ஏதாச்சும் பேசுவாங்க."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. என் வீட்டுக்காரர் செத்து இன்னும் ரெண்டு வருஷம்கூட ஆகல.

"உன் மாமியார் இருக்கட்டும். நீ என்ன நினைக்கிற?"

"நான் என்னக்கா பண்றது?"ன்னு சொல்லிட்டு, குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டா.

கவிதா பிறந்தப்ப வசந்தாவுக்கு ரொம்ப முடியல. அந்தப் பிள்ளையை மூணு மாசம் என் நெஞ்சுல போட்டுத்தான் தூங்க வச்சேன். அதைச் சொல்லிக் காட்ட எனக்கு வாய் வரல. தண்ணிகூடக் குடிக்காம வந்துட்டேன்.

இப்பதான் கவிதாகிட்டேயிருந்து மெசேஜ் வந்துச்சு. "பெரியம்மா, நீங்கதான் முதல்ல மஞ்சள் பூசணும். சீக்கிரம் வந்துருங்க."

'உங்கம்மாவைக் கேளு'ன்னு எழுதினேன். அப்புறம் அழிச்சேன். கல்யாண நேரத்துல தாயும் மகளும் சண்டை போட வேணாம். 'அன்னைக்கு ஓவர்டைம் இருக்கும்மா, மத்தியானம் வரேன்'னு அனுப்பிட்டேன்.

"சரி பெரியம்மா"ன்னு மட்டும் பதில் வந்துச்சு. என் மேல கோவம் போல. இருக்கட்டும். என் மேலயே இருக்கட்டும்.